கடவுச்சீட்டு சிப்பை நீங்களே வாசித்துப் பாருங்கள்

மட்டக்களப்பு மாமாங்கத் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் சொந்தக்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் சிப் (பெயர், முகப்படம் போன்ற விவரம் பதிந்த சிறு மின்னணுத் துண்டு) வைத்த கடவுச்சீட்டுத்தான். பிரித்தானியா 2006 முதல், கனடா 2013 முதல் இதைக் கொடுக்கின்றன. பக்கத்தில் நின்றே யாராவது விவரத்தை எடுத்துவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. உங்களிடம் அந்தப் புத்தகம் இல்லாவிட்டால், வந்திருக்கும் மாமாவிடம் கேட்டு அவர் முன்னாலேயே செய்யுங்கள்.

1. சின்னத்தைத் தேடுங்கள். முன் அட்டையில் சிறிய செவ்வகம், அதன் நடுவில் ஒரு வட்டம். இது இருந்தால் உள்ளே சிப் உண்டு. அட்டையில் இல்லையென்றால் 5ஆம் படிக்குப் போங்கள். அது எல்லோருக்கும் உரியது.

2. கைபேசியைத் தயார் செய்யுங்கள். செட்டிங்ஸில் 'என்எஃப்சி' (NFC, மிக அருகில் வைத்தால் சிப்பை வாசிக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த பல ஃபோன்களில் இருக்காது. கடவுச்சீட்டு வாசிக்கும் செயலி ஒன்றை, யார் வெளியிட்டது என்று பார்த்து இறக்குங்கள். பிறகு டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்துவிடுங்கள். வாசிக்கும் நேரத்தில் இணையம் தேவையில்லை.

3. இப்போது வாசியுங்கள். முதலில், ஒன்றும் தட்டச்சு செய்யாமல் ஃபோனை அட்டையில் வைத்துப் பாருங்கள். பெயரும் வராது, படமும் வராது. செயலி மூன்று விஷயங்களைக் கேட்கும்: கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, காலாவதித் திகதி. அல்லது படப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகளை கமராவுக்குக் காட்டச் சொல்லும். வரிக்கு 44 எழுத்து. அதற்குள் இந்த மூன்றும் இருக்கின்றன. இவைதான் சிப்பின் சாவி.

சாவியைக் கொடுத்ததும் ஃபோனை அசைக்காமல் சில விநாடி வையுங்கள். சிப் பின் அட்டையிலோ படப் பக்கத்திலோ இருக்கலாம், இடம் மாற்றிப் பாருங்கள். அமெரிக்கக் கடவுச்சீட்டின் அட்டையில் உலோகத் தடுப்பு உண்டு. திறந்து வைத்தால்தான் வாசிக்கும். பெயர், பிறந்த திகதி, முகப்படம் எல்லாம் திரையில் வந்துவிடும். விரல் அடையாளம் இருந்தாலும் இப்படி வராது. அதைத் திறக்க, வழங்கிய நாடு அனுமதித்த கருவி வேண்டும்.

சிப்பில் பற்றரி கிடையாது. வாசிக்கும் கருவியின் அலையிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைக்கிறது. அதனால் சாதாரணமாகப் பத்து சென்டிமீற்றருக்குள் வந்தால்தான் பேசும். ஆனாலும் முழு நிம்மதி இல்லை. 2010இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விவரத்தைத் திறக்காமலே ஒரு குறிப்பிட்ட கடவுச்சீட்டு மறுபடி அருகில் வந்தால் அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள்.

4. உறையைச் சோதியுங்கள். சமையலறை அலுமினியத் தாளால் புத்தகத்தை முழுக்கச் சுற்றி மறுபடி வாசியுங்கள். வாசிக்காது. கடையில் விற்கும் தடுப்பு உறையையும் இப்படிச் சோதித்த பிறகே நம்புங்கள்.

5. பிரதியைக் கவனியுங்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சாவி முழுவதும் படப் பக்கத்தில் அச்சாகி இருக்கிறது. கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு வட்ஸ்அப்பில் அந்தப் பக்கத்தை அனுப்பிப் பிரின்ற் எடுக்கிறோம். படம் அந்தக் கடைக் கணினியிலேயே கிடக்கிறது. சிப்பைத் தொடாமலே பெயர், படம், இலக்கம் எல்லாம் அதை வைத்திருப்பவரிடம் போய்விட்டன. சிப் இல்லாத புத்தகத்துக்கும் இதே கதைதான்.

அதனால் பிரின்ற் எடுத்ததும் கடைக்காரர் முன்னால் நின்றே, "தம்பி, இதை அழிச்சுவிடுங்க, ரீசைக்கிள் பின்னிலயும்" என்று கேளுங்கள். அறுகம்பேயிலோ பாசிக்குடாவிலோ ஹோட்டலில் பிரதி கேட்டால், "இலக்கத்தைப் பார்த்து எழுதுங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். பிரதிதான் வேண்டுமென்றால் அடி வரிகள் இரண்டையும் ஒரு தாள் துண்டால் மறையுங்கள். அது மட்டும் போதாது, மேலேயும் அதே விவரம் இருக்கிறது. காலாவதித் திகதியையும் மறையுங்கள். பிரதியின் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் திகதியில் என்று பேனாவால் எழுதுங்கள். விசா, வெளிநாட்டு வேலை விண்ணப்பங்களுக்கு முழுப் பக்கம் கேட்பார்கள். அங்கே மறைக்க முடியாது, ஆனால் குறுக்கே எழுதலாமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

சோதனை முடிந்ததும் செயலியின் டேட்டாவை அழித்து, செயலியையும் நீக்கிவிட்டு இணையத்தைத் திறவுங்கள். சிப்பைக் கொல்ல மைக்ரோவேவில் வைக்கச் சொல்லும் காணொளிகளைக் கேட்காதீர்கள். புத்தகம் கருகும், வேண்டுமென்றே சேதமாக்கிய கடவுச்சீட்டு என்று விமான நிலையத்தில் சிக்கலாகும்.