தனியாகக் கிடக்கும் புலிக்குட்டி: பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

காட்டில் பிறக்கும் புலிக்குட்டிகளில் ஏறக்குறைய பாதி இரண்டு வயதைத் தொடுவதில்லை. இதைக் கேட்டதும் ஒரு குட்டியையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் பெரும்பாலான தவறுகள் இந்த எண்ணத்திலிருந்தே தொடங்குகின்றன. முதல் ஒன்றரை வருடம் குட்டி பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் தாயைப் பொறுத்தது. தாயைக் கணக்கில் சேர்க்காமல் குட்டியை மட்டும் பார்ப்பவர்களுக்கு அங்கே நடப்பது எதுவும் சரியாகப் புரியாது.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, தனியாகக் கிடக்கும் குட்டியைத் தாய் கைவிட்டுவிட்டது என்று நினைப்பது. பிறக்கும்போது புலிக்குட்டியின் எடை ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். கண் திறக்கவே ஒன்று இரண்டு வாரங்கள் ஆகும். இரண்டு மாத வயதுவரை தாயோடு நடந்து போகத் தெம்பு இருக்காது. அதுவரை அடர்ந்த புதர், உயர்ந்த புல், பாறை இடுக்கு, விழுந்த மரத்தடி என்று ஏதாவது ஒரு மறைவிடத்தில்தான் கிடக்கும். தாயோ தனி ஆள். வேட்டைக்குப் போகும்போது காவலுக்கு நிறுத்த அதற்கு வேறு துணை கிடையாது. சிங்கங்களில் கூட்டமாக வாழும் பெண்கள் குட்டிகளைச் சேர்ந்து வளர்க்கும், புலிக்கு அந்த வசதி இல்லை. அதனால் தாய் இரை தேடிப் போகும்போதெல்லாம் குட்டிகள் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கும் மேல், தனியாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் சத்தம் போடாமல் அசையாமல் படுத்திருப்பதுதான் அவற்றுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. பார்ப்பவர்கள் அதைத்தான் 'சோர்ந்து கிடக்கிறது, பாவம்' என்று தூக்கிவிடுகிறார்கள்.

அப்படித் தூக்கினால் தாய் திரும்பி வரும்போது குட்டி இருக்காது. போதாக்குறைக்குத் தூக்கியவர் நிற்கும் இடத்துக்குத்தான் அந்தத் தாய் வரும். குட்டியைக் கண்டால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நெருங்காமல், வந்த வழியே அமைதியாக விலகி, வனத்துறைக்கு இடத்தைச் சொல்லுங்கள். கூட்டம் சேர விடாதீர்கள். ஆள் நடமாட்டம் இருக்கும் வரை தாய் அந்தப் பக்கம் வரவே தயங்கும்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. மனித வாசம் பட்ட குட்டியைத் தாய் ஏற்காது, எனவே தொட்டுவிட்டால் எடுத்துப் போவதே வழி என்பார்கள். இதுவும் தவறு. மகாராஷ்டிரத்தின் கரும்பு வயல்களில் அறுவடையின்போது கிடைக்கும் சிறுத்தைக் குட்டிகளை வனத்துறையினர் பரிசோதித்து, அதே இடத்தில் மாலையில் திரும்ப வைக்கிறார்கள். இருட்டியதும் தாய் வந்து கவ்விக்கொண்டு போவதைக் கேமராக்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. சிறுத்தை வேறு, புலி வேறு என்றாலும், இந்தியாவில் அனாதையாகக் கிடைத்த புலிக்குட்டிகளுக்கான அரசு வழிமுறையும் தாயோடு சேர்க்கும் முயற்சியைத்தான் முதலில் வைக்கிறது. இதைத் தொடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே தூக்கிவிட்டிருந்தாலும் திரும்பச் சேர்க்கும் வாய்ப்பு இருக்கிறது, அதனால் உடனே சொல்லிவிடுங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

சரி, எடுத்து வளர்த்து, பெரிதானதும் காட்டில் விட்டால் என்ன? பால் கொடுப்பது இதில் சின்ன பகுதிதான். ஐந்தாறு மாதத்தில் குட்டிகள் வேட்டைக்குத் தாயைப் பின்தொடரத் தொடங்கும். எங்கே மறைய வேண்டும், எவ்வளவு நெருங்கிய பிறகு பாய வேண்டும், எந்த இரையிடம் போகவே கூடாது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்து வருவது. சில சமயம் தாய் இரையை வீழ்த்தி, உயிரோடு குட்டிகளிடம் விடும். அவை தடுமாறும், இரை தப்பித்தும் போகும். நிலையான கோரைப் பற்கள் முழுமையாக வரவே ஒரு வயது தாண்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டுக் குட்டி மனிதனைக் கண்டு ஒதுங்கக் கற்றிருக்கும். கையால் பாட்டில் பால் குடித்து வளர்ந்தது அதைக் கற்றிருக்காது. இந்திய வழிமுறையில் அனாதைக் குட்டியை இரண்டு வயதாகி, குறைந்தது 50 இரைகளைத் தானே வேட்டையாடிக் காட்டிய பிறகுதான் காட்டில் விடலாம் என்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முடியவே முடியாத காரியம் என்று சொல்லவில்லை. 2012 குளிர்காலத்தில் ரஷ்யாவின் பிரிமோர்யே பகுதியில் பட்டினியால் மெலிந்து கிடந்த ஒரு பெண் குட்டியை வேட்டைக்காரர்கள் கண்டெடுத்தார்கள். சோலுஷ்கா என்று பெயர் வைத்தார்கள். மறுவாழ்வு மையத்தில் மனித முகமே பார்க்காதபடி வளர்த்து, உயிருள்ள இரையை வேட்டையாடப் பழக்கி, 2013-இல் பஸ்தாக் காப்பகத்தில் விட்டார்கள். 2015-இல் அது குட்டி போட்டது. இதற்குத் தேவைப்பட்ட இடம், ஆட்கள், கட்டுப்பாடு எல்லாவற்றையும் யோசித்துப் பாருங்கள். வீட்டுக் கொல்லையில் நடக்கிற வேலை இல்லை.

அடுத்த தவறு ஆண்புலியைப் பற்றியது. 'அப்பன் புலியே குட்டிகளைத் தின்றுவிடும்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து அந்த எல்லையைப் பிடிக்கும் புதிய ஆண். குட்டிகளோடு இருக்கும் பெண்புலி கிட்டத்தட்ட இரண்டு வருடம் மறுபடி இணை சேராது. குட்டிகள் இறந்துவிட்டால் சீக்கிரமே தயாராகிவிடும். புதிய ஆணுக்குத் தன் வாரிசு வேண்டும், அதனால் கொல்கிறது. உண்மையான தகப்பன் தன் எல்லையைச் சுற்றி வந்து இப்படிப்பட்ட ஆண்களை விரட்டிக்கொண்டே இருக்கிறது. குட்டிகளுக்கு அது தரும் பாதுகாப்பு இதுதான். ராஜஸ்தானின் ரந்தம்போர் காப்பகத்தில் 2011-இல் தாய் இறந்தபின் இரண்டு பெண் குட்டிகளைத் தகப்பன் கூடவே வைத்துக்கொண்டது. 2021-இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்தில் நான்கு குட்டிகள் தாயை இழந்தபோதும் தகப்பன் அவற்றின் அருகிலேயே திரிந்தது. இவை அபூர்வம்தான். ஆனால் ஆணைக் கொன்றால் குட்டிக்கு நல்லது என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்று இவை காட்டுகின்றன. வேட்டைக் கும்பல் ஓர் ஆண்புலியைச் சாய்த்தால் அந்த எல்லைக்குள் இருக்கும் இரண்டு மூன்று தாய்களின் குட்டிகளும் சேர்ந்தே போகலாம்.

மற்ற ஆபத்துகளும் இருக்கின்றன: செந்நாய்க் கூட்டம், சிறுத்தை, காட்டுத்தீ, வெள்ளம். இவற்றை உணர்ந்தால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறு மறைவிடத்துக்கு மாற்றும்.

பலர் மறந்துபோவது பசி. ஒரு புலிக்கு வருடத்துக்குச் சுமார் 50 மான் அளவு இரை வேண்டும். இரண்டு குட்டிகளை வைத்திருக்கும் தாய்க்கு அது 60, 70 வரை போகும். இவ்வளவையும் மறைவிடத்திலிருந்து அதிகம் விலகாமல் பிடிக்க வேண்டும். மான் குறைந்த காட்டில் தாய் தூரம் போகும், குட்டிகள் அதிக நேரம் தனியாக இருக்கும், பாலும் வற்றும். எனவே புலியைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு மானையும் பன்றியையும் கண்ணி வைத்துப் பிடிப்பதைப் பொறுத்துக்கொள்வது குட்டியைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

சஃபாரி போகிறவர்களுக்கும் ஒன்று. தாய் குட்டிகளோடு சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் ஜீப்புகளை நிறுத்தாதீர்கள். முன்னே போன தாய்க்கும் பின்னால் நிற்கும் குட்டிக்கும் நடுவில் வண்டி நின்றால், பயந்த குட்டி எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. மறைவிடம் எங்கே என்று தெரியும்படி படத்தோடு இடத்தைப் பகிர்வதும் கூடாது. மறுநாள் அங்கே பத்து வண்டி நிற்கும், வேட்டைக்காரனுக்கும் தகவல் போய்விடும்.

கடைசியாக, ஒன்றரை இரண்டு வயதில் குட்டி தாயின் அளவுக்கு வளர்ந்து பிரிந்து போகும்போது 'இனி பிழைத்துக்கொள்ளும்' என்று விட்டுவிடுவது. பெண் குட்டி பெரும்பாலும் தாயின் எல்லைக்குப் பக்கத்திலேயே இடம் பிடிக்கப் பார்க்கும். ஆண் குட்டி தூரம் போக வேண்டும், போகும் வழியெல்லாம் வேறு ஆண்களின் எல்லை, வயல், நெடுஞ்சாலை, ரயில் பாதை. வேட்டை அனுபவமும் குறைவு என்பதால் எளிதில் கிடைக்கும் மாட்டை அடித்துவிட்டு, விஷத்துக்கோ மின்வேலிக்கோ பலியாகும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு மரங்கள் தொடர்ந்து இருக்கும் வழித்தடம் இந்த வயதுப் புலிக்குத்தான் மிகவும் தேவை. புதிய சாலை போடுவதற்கு முன் அந்தத் தடத்தில் புலி எங்கே கடக்கிறது என்று பார்த்து, அங்கே கீழ்ப்பாலம் கட்ட வேண்டும்.