கல்லூரி வளாகத்துக்கு வைஃபை: ஆக்சஸ் பாயின்டைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

வளாகம் முழுக்க வைஃபை போடும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) எந்த கம்பெனி, எந்த மாடல் என்ற பேச்சை முதலில் தள்ளிவையுங்கள். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் நிறைய.

படி 1: கருவிகளை எண்ணுங்கள்

மொத்த மாணவர் எண்ணிக்கை இங்கே உதவாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எத்தனை கருவிகள் என்பதுதான் கணக்கு. 300 இருக்கை உள்ள செமினார் ஹாலில் ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்றால் 600. அதில் பாதி மும்முரமாக இயங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆக்சஸ் பாயின்டில் 512 கருவிகள் இணையலாம் என்று டேட்டாஷீட்டில் போட்டிருப்பார்கள். அத்தனையும் இணைந்து நிற்கலாம், அவ்வளவுதான். ஒரு சேனலை (சிக்னல் போகும் பாதையை) எல்லாரும் முறைவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். வைஃபையின் ஆறாம் தலைமுறையான வைஃபை 6 அந்த நெரிசலைக் குறைக்கிறது, ஒழித்துவிடவில்லை. ஒரு பாயின்டுக்கு 40 முதல் 50 மும்முரமான கருவிகள் என்று திட்டமிடுங்கள். அப்படியானால் அந்த ஹாலுக்கு மட்டும் ஆறேழு தேவை.

படி 2: கட்டடத்தை நடந்து பாருங்கள்

போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு ஆக்சஸ் பாயின்டைத் தற்காலிகமாக மாட்டி, அறை அறையாக அளந்து பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்) அளவுக்குச் சிக்னல் கிடைத்தால் வீடியோ கால் தடையின்றி ஓடும்.

ஹாஸ்டலில்தான் பலரும் சறுக்குகிறார்கள். செலவு குறையும் என்று வராந்தாவில் வரிசையாக மாட்டிவிடுவார்கள். நடுவில் சுவர் இல்லாததால் அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அறைக்குள் இருக்கும் மாணவனுக்கோ, செங்கல் சுவரையும் இரும்பு பீரோவையும் தாண்டி மிச்சம்மீதிதான் வந்து சேரும். அறைக்குள் சுவரில் பதிக்கும் சின்ன வகை பாயின்டுகளை இரண்டு மூன்று அறைகளுக்கு ஒன்றாக வைப்பதே என் பரிந்துரை. கேபிள் செலவு கூடும், ஆனால் புகார் குறையும்.

படி 3: சேனல்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. ஆறேழு பாயின்டுகள் உள்ள ஹாலில் பெரும்பாலானவற்றில் 2.4-ஐ அணைத்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸை நம்புங்கள், அதிலும் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸே போதும்.

படி 4: கேபிள், ஸ்விட்ச், மின்சாரம்

நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டியான ஸ்விட்சிலிருந்து ஆக்சஸ் பாயின்ட் வரை கேபிள் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். புதிதாக இழுப்பதென்றால் கேட் 6ஏ வகை கேபிள் போடுங்கள், ஆக்சஸ் பாயின்டை இரண்டு முறை மாற்றினாலும் அந்தக் கேபிள் அப்படியே இருக்கும்.

பிஓஇ ஸ்விட்ச் (அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பும் வகை) வாங்கும்போது போர்ட்டை மட்டும் எண்ணாதீர்கள். 24 போர்ட் ஸ்விட்ச் மொத்தம் 370 வாட் தரும், பாயின்ட் ஒன்று 20 வாட் எடுக்கும் என்றால் 18 மட்டுமே ஓடும். அப்புறம், ஸ்விட்ச் ரேக்குக்கு யுபிஎஸ் இல்லாவிட்டால் கரண்ட் போனதும் வைஃபையும் போய்விடும்.

படி 5: உள்ளே வருபவர் யார்?

எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட் வேண்டாம். ரேடியஸ் சர்வர் (யார் உள்ளே வரலாம் என்று சரிபார்க்கும் சர்வர்) வைத்து ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுங்கள். அது இருந்தால், பல நாட்டுக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்துள்ள எடுரோம் என்ற வைஃபை சேவையில் சேர்வதும் எளிது. இந்தியாவில் அதை நடத்துவது கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான அரசு நெட்வொர்க் அமைப்பான எர்னெட். சேர்ந்துவிட்டால் உங்கள் மாணவர்கள் எடுரோமில் உள்ள வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அதே லாகினில் இணையலாம். லாக் பதிவுகளை (யார் எப்போது இணைந்தார்கள் போன்ற குறிப்புகளை) 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பது, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவு. அதற்குரிய சேமிப்பிடத்தையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

படி 6: இப்போது மாடல்

இப்போதைக்கு வைஃபை 6 தாராளமாகப் போதும். வைஃபை 7-க்கான கூடுதல் பணம் கையில் இருந்தால், அதைக் கேபிளிலும் ஹாஸ்டல் பாயின்டுகளின் எண்ணிக்கையிலும் போடுங்கள். எல்லா ஆக்சஸ் பாயின்டுகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கன்ட்ரோலர் கட்டாயம்.

கொட்டேஷன் வாங்கும்போது லைசென்ஸ் கட்டணத்தை ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். லைசென்ஸ் முடிந்தால் இயங்காமல் நின்றுவிடும் கருவிகளும் சந்தையில் உண்டு. கடைசியாக, இரண்டு கம்பெனிகளிடம் மாதிரி கேட்டு வாங்கி, ஹாஸ்டலில் ஒரு மாடியில் ஒரு வாரம் மாட்டுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் எல்லாரும் அறைக்குத் திரும்பியபின் வேகத்தை அளந்து பார்த்துவிட்டு, அப்புறம் ஆர்டர் போடுங்கள்.