ஜே-1 விசாவில் வாத்தியார் வேலை: வரியில் நான் வாங்கிய அடியும் சில்லறைத் தவறுகளும்

கோவையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் செய்தார். பரிமாற்றத் திட்டத்தில் வருகிறவர்களுக்கான ஜே-1 விசாவில் கணக்கு வாத்தியாராக அமெரிக்கா கிளம்புகிறார். "அண்ணா, ரெண்டு வருஷத்துக்கு டேக்ஸே கிடையாதாமே?" என்றார். எனக்குப் பழைய புண்ணில் விரல் பட்டது. 2021 ஆகஸ்டில் வட கரோலினாவில் இறங்கியபோது நானும் இதையேதான் சந்தோஷமாகச் சொல்லித் திரிந்தேன். குளிருக்கு என்ன ஜாக்கெட், பெட்டியில் ஊறுகாய் வைக்கலாமா என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

"ரெண்டு வருஷம் வரி இல்லை"

1989ல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு, இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாமல் கற்பிக்க வருகிற ஆசிரியரின் சம்பளத்துக்கு வருமான வரி விலக்குத் தருகிறது. இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம். இரண்டு ஆண்டைத் தாண்டித் தங்கினால், தாண்டிய மாதங்களுக்கு மட்டும் வரி என்பதல்ல கணக்கு. முதல் நாளிலிருந்தே விலக்கு போய்விடும். நமக்கு ஜே-1 கிடைப்பதோ மூன்று ஆண்டுக்கு, நீட்டித்தால் ஐந்து. விசாவுக்கு அடிப்படையான என் டிஎஸ்-2019 தாளிலேயே மூன்றாம் ஆண்டின் தேதி அச்சாகியிருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான், ஒப்பந்த விலக்கு கேட்டுச் சம்பளப் பிரிவில் கொடுக்கும் 8233 படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்!

பிலிப்பைன்ஸ்காரச் சகா ஒருவர், "நாங்கள் எல்லாரும் போடுகிறோமே" என்றார். அவர்கள் நாட்டு ஒப்பந்தத்தின் வாசகம் வேறு என்று எனக்கு உறைக்கவில்லை. மாதாமாதம் பிடித்தம் இல்லாமல் வந்த பணத்தை ஊருக்கு அனுப்பி வீட்டுக்கடனை அடைத்தேன். 2024ல் கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. 2021க்கும் 2022க்கும் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தில் புதுக் கணக்கு, விட்ட வரி, அதற்கு வட்டி. நல்ல பழைய கார் ஒன்றின் விலை போயிற்று. பள்ளிச் சம்பளப் பிரிவைக் கேட்டால், "வரி ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை" என்று முடித்துக்கொண்டார்கள். படிவத்தை நீட்டியவர்களும் அவர்களேதான்.

இதோடு இன்னொரு "இரண்டு ஆண்டு" சேர்ந்து குழப்பும். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தமான 7.65 சதவீதத்திலிருந்து விலக்கு, வந்த தேதியிலிருந்து எண்ணப்படுவதல்ல. காலண்டர் ஆண்டாக எண்ணுவார்கள். ஆகஸ்டில் இறங்கியவனுக்கு அந்த ஐந்து மாதமே ஒரு முழு ஆண்டு. 2023 ஜனவரியில் சம்பளம் குறைந்ததைப் பார்த்து, ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று சண்டைக்குப் போனேன். தவறு என்னுடையது.

மூன்று ஆண்டு இருக்கப்போகிறீர்கள் என்றால் 8233ஐத் தொடாதீர்கள். வரியைப் பிடிக்கட்டும். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ ரெண்டு வருஷத்துல திரும்பிடவாண்ணா?" என்றார்.

"எல்லாருக்கும் ஒரே பரீட்சைதானே நியாயம்?"

என் வகுப்பில் ஒரு பையனுக்கு ஐஇபி, அதாவது சிறப்புக் கல்வி தேவைப்படும் மாணவனுக்கென்று எழுதப்படும் தனித் திட்டம், இருந்தது. தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம் தரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சலுகை என்று நினைத்து, மணி அடித்ததும் தாளைப் பிடுங்கிவிட்டேன். மாலையே சிறப்புக் கல்வி ஆசிரியை வந்து நின்றார். அது மாற்றுத்திறனாளி மாணவர்களின் கல்விக்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஆவணம். வாத்தியார் இஷ்டத்துக்கு விடக்கூடியது அல்ல. வகுப்பு தொடங்கும் முன்பே எல்லா ஐஇபிகளையும் வாசித்துவிடுங்கள்.

மதிப்பெண்ணை உரக்க வாசிப்பது

ஃபெர்பா, 1974: மாணவரின் கல்விப் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம். வாயைத் திறக்காதீர்கள்.

முதுகில் தட்டிக்கொடுப்பது

வேண்டாம்.

கோடைச் சம்பளம்

ஒப்பந்தம் பத்து மாதத்துக்கு. சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தரும் வசதி உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். நான் கேட்கவில்லை; முதல் ஜூலையில் வாடகைக்குச் சகாவிடம் கை நீட்டினேன். அதே பிலிப்பைன்ஸ்காரரிடம்தான்.