கொழும்பு மழையைப் பார்த்து ஒப்பந்தம் எழுதாதீர்கள்

போன கிழமை கொள்ளுப்பிட்டியில் ஒரு கூட்டம். கம்பனி ஒன்றின் சமூகப் பொறுப்புப் பிரிவிலிருந்து வந்த தம்பியும் தங்கச்சியும் மடிக்கணினியைத் திருப்பி அட்டவணையைக் காட்டினார்கள். வடக்கில் ஒரு விவசாய பீடத்தோடு சேர்ந்து மானாவாரி நெல்லில் பசளைப் பரிசோதனை. ஏப்ரலில் ஒப்பந்தம், மே மாதம் விதைப்பு.

ஏன் மே என்று கேட்டேன். "அப்பதானே அண்ணா மழை தொடங்குறது? போன வருசம் நான் ஒஃபிசுக்கு நனைஞ்சு நனைஞ்சுதான் வந்தனான்" என்றாள் தங்கச்சி.

சிரிப்பு வரவில்லை. பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு கம்பனிக்காக இதே அட்டவணையைத்தான் போட்டேன், நிறம்கூட மாறவில்லை. பல்கலைக்கழகத்தோடு சேரும்போது கம்பனிக்காரர் விடும் பிழைகளைத்தான் கீழே எழுதுகிறேன்.

பீடாதிபதியின் பெயரைப் பிழையாக அடிப்பது, துணைவேந்தரைக் காக்க வைப்பது போன்றவற்றுக்கு ஒருதரம் முகம் சிவந்தால் போதும், தானாகத் திருந்திவிடுவீர்கள். அவற்றை விடுகிறேன்.

நிதியாண்டை வைத்து விதைப்பது

மே மாதத்துத் தென்மேல் பருவக்காற்று கொழும்பையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைத்துவிட்டு வெறுங்கையோடுதான் கிளிநொச்சிக்குப் போகிறது. அங்கே அதற்குப் பெயர் சோளகம்; கண்ணுக்குள் புழுதி அடிக்கும். அந்தப் பக்கம் மழை என்றால் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை, வாடைக்காற்றோடு வருவது. ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெறும் உலர்வலயம் அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கும் கிளிநொச்சியும் சரி, கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையும் சரி, இதற்குள்தான் வருகின்றன. குளத்துத் தண்ணீர் உள்ளவர் மழையில்லாத மாதங்களில் சிறுபோகமும் செய்வார். மானாவாரிக்காரருக்கு வருடத்தில் இந்த மழையோடு வரும் ஒரே ஒரு காலபோகம். அதற்கும் மழை விழுமுன்னே, காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பு முடிந்துவிடும்.

கம்பனியின் ஆண்டோ பெரும்பாலும் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. பல்கலைக்கழகக் கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நெல்லுக்கு இந்த இரண்டும் தெரியாது.

எனக்கு நடந்தது இதுதான். மே மாதம் பணிப்பாளர் சபை சம்மதித்தது. ஆவணத்தைச் சட்டப்பிரிவு ஓகஸ்ட் வரை வைத்திருந்தது. ஒரு பந்தியில் "வேண்டும்" போடுவதா "கூடும்" போடுவதா என்பதுதான் சிக்கல். பிறகு பல்கலைக்கழகப் பேரவையின் அனுமதி. பிறகு வங்கி. நிதியாளரின் கணக்கில் காசு விழுந்தபோது நவம்பர் நடுப்பகுதி. துள்ளிக் குதித்துக்கொண்டு விரிவுரையாளருக்கு அழைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு படம் அனுப்பினார். நாங்கள் பேசிவைத்த வயல், கணுக்காலுக்கு மேலே பச்சைப்பசேல் என்று நின்றது. விதைக்குமுன் நாங்கள் அடிக்கட்டுப் பசளை போட வேண்டிய மண்ணில் கமக்காரர் ஏற்கெனவே தன் பசளையைப் போட்டு, விதைத்து, களையும் பிடுங்கியிருந்தார்.

மார்ச் 31க்குள் அறிக்கை கேட்டார்கள். பயிர்மனைக்குள் சாடிகளில் நெல் நட்டோம். செலவாகாத காசு திரும்பிப் போனது. அந்தப் பரிசோதனையை நம்பியிருந்த இறுதியாண்டு மாணவி தலைப்பை மாற்றிக்கொண்டு, வினாக்கொத்தோடு வீடுவீடாக ஏறி இறங்கினாள். கம்பனியில் என்னை ஒருவரும் ஏசவில்லை. அதுதான் இன்றுவரை எரிச்சல். சாடியில் நின்ற நெல்லைக் கிட்டப் பிடித்துப் படமெடுத்து ஆண்டறிக்கையில் வயல்போலப் போட்டுவிட்டார்கள்.

ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள். புழுதி விதைப்பு செப்டெம்பர் கடைசி என்றால், ஓகஸ்டில் மண் மாதிரி எடுத்திருக்க வேண்டும். அதற்கு முதல் தவணைக் காசு ஜூலைக்குள் வந்திருக்க வேண்டும். அதற்கு ஒப்பந்த வரைபு முந்தின டிசம்பரிலேயே சட்டப்பிரிவின் மேசைக்குப் போயிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் "காலம்: 12 மாதங்கள்" என்று எழுதாமல் "இரண்டு காலபோகங்கள்" என்று எழுதுங்கள். செலவாகாத தொகை அடுத்த நிதியாண்டுக்குப் போகும் என்பதற்கும் ஒரு பிரிவு வேண்டும். கணக்காளர் முகத்தைச் சுழிப்பார், சுழிக்கட்டும்.

ஏன் இரண்டு? 2016/17 காலபோகத்தை வரட்சி தின்றது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. இந்த இரண்டில் ஒன்றில் மட்டும் பசளையைப் பரிசோதித்திருந்தால் கையில் மிஞ்சுவது அந்த வருடத்து வானத்தைப் பற்றிய அறிக்கைதான்.

மஞ்சள் பாத்தி

வயல் பார்க்க வந்த கம்பனி அதிகாரி ஒருவர் பசளை போடாத பாத்தியைக் காட்டி, "இது மட்டும் ஏன் மஞ்சளா நிக்குது? பாவம், இதுக்கும் கொஞ்சம் போடுங்கோவன்" என்றார். படத்துக்கு வடிவாக இல்லையாம். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது அப்படி விடப்பட்டிருக்கிறது என்று மாணவன் விளக்கினான். அவர் தலையாட்டிவிட்டு, போகும்போது வேலையாளிடம் திரும்பவும் சொன்னார். வருகைக்கு முதல் நாளே ஒருவர் உட்கார்ந்து இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

இயந்திரத்தை மட்டும் கொடுப்பது

ஆய்வுகூடக் கருவிக்கு நாடா வெட்டுவது சுகம். கரைப்பான், உதிரிப்பாகம், திருத்த வருபவரின் கொழும்பு–கிளிநொச்சிப் பயணச்செலவு, மின்வெட்டுக்கு மாற்றுவழி, இயக்கத் தெரிந்த ஒருவர்: இவை எதற்கும் நாடா இல்லை. உறை பிரிக்காத கருவியின் மேல் பரீட்சைத் தாள் கட்டுகள் அடுக்கியிருந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முடிவை வெளியிடத் தடை போடுவது

மாணவரின் ஆய்வேடு நூலகத்துக்குப் போகும். அது அவருடைய பட்டம். கண்டுபிடிப்பு புதியதாக இருந்தால்தான் ஆக்கவுரிமை கிடைக்கும் என்பதால், விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் ஆய்வேடு வெளியாகுமுன் விண்ணப்பியுங்கள். அதற்குச் சில மாத அவகாசம் கேட்பது நியாயம். முடிவு பிடிக்கவில்லை என்று பூட்டிவைப்பது நியாயமில்லை.

விரிவுரையாளரின் சொந்தக் கணக்குக்குக் காசு அனுப்புவது

வேண்டாம்.

பாத்தியைவிடப் பெரிய பெயர்ப்பலகை

நிழல் விழும். நிழலில் நெல் வளராது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி வட்ஸ்அப்பில் திருத்திய அட்டவணையை அனுப்பியிருக்கிறாள். விதைப்பைச் செப்டெம்பருக்கு மாற்றிவிட்டாள். முதல் தவணைக் காசு இன்னும் ஒக்டோபரில்தான் நிற்கிறது.