சோலார் பேட்டரி வாங்கும் முன் ஒரு தாளும் பேனாவும்

"150 ஏஹெச் போதும் சார், விடிய விடிய ஓடும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினேன். (ஏஹெச் என்றால் ஆம்பியர் அவர், பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு.) ராத்திரி மூன்று மணி வாக்கில் ஃபேன் நின்றுவிடும், இரண்டாம் வருஷம் பேட்டரியே படுத்துவிட்டது. கணக்குப் போடாதது என் தப்புதான். நீங்கள் போட்டுவிட்டுப் போங்கள்.

முதலில், சூரியன் இறங்கியபின் வீட்டில் எது எவ்வளவு நேரம் ஓடும் என்று எழுதுங்கள். என் வீட்டுக் கணக்கு இது: பழைய ஃபேன் இரண்டு, தலா 75 வாட்ஸ், 8 மணி நேரம், ஆக 1200. 9 வாட்ஸ் எல்இடி பல்பு நான்கு, 5 மணி நேரம், 180. டிவி 60 வாட்ஸ், 3 மணி நேரம், இன்னொரு 180. வைஃபை ரூட்டர் 10 வாட்ஸ், 12 மணி நேரம், 120. மொத்தம் 1680 வாட் அவர், அதாவது 1.68 யூனிட். ஏசி, கிரைண்டர், மோட்டாரை எல்லாம் இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

இப்போது ஃபேன் வரியைப் பாருங்கள், முக்கால்வாசி அங்கேதான் போகிறது. 30 வாட்ஸ் பிஎல்டிசி ஃபேனாக (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் உள்ளது) மாற்றினால் 1200 என்பது 480 ஆகி, மொத்தமே 960க்கு இறங்கிவிடும். பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள், அதுதான் மலிவு.

அடுத்தது நஷ்டம். கரண்டைச் சேமித்து எடுத்தால் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் மலைமேல் தண்ணீரை ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறதே, அதிலும் ஏற்றச் செலவானது முழுசாகத் திரும்பி வராது. நம் இன்வெர்ட்டருக்கு 15 சதவீதம் வைத்தால், 960ஐ 0.85ஆல் வகுக்க, சுமார் 1130.

அப்புறம் பேட்டரி. ஏஹெச்சை வோல்ட்டால் பெருக்கினால் வாட் அவர்: 12 வோல்ட் 150 ஏஹெச் என்றால் 1800. ஆனால் லெட் ஆசிட் டியூபுலரை (தண்ணீர் ஊற்றும் வழக்கமான இன்வெர்ட்டர் பேட்டரி) தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு சரசரவென்று குறையும் (நான் செய்தது அதுதான்). எனவே 1130க்கு இரண்டு மடங்கு, 2260 வேண்டும். 12ஆல் வகுத்தால் 188, கடையில் 200 ஏஹெச் கேளுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற லித்தியம் வகை பேட்டரியை 80 சதவீதம் வரை தாராளமாக இறக்கலாம், அதனால் 1412 போதும், 12.8 வோல்ட்டில் 110 ஏஹெச். விலை கூடுதல்தான், ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. உங்கள் இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனல்: நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். சார்ஜ் நஷ்டம் சேர்த்து 1.4 யூனிட் வேண்டுமென்றால் 400 வாட்ஸ் சரி. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை எம்பிபிடி வகையாக (பேனலிலிருந்து முடிந்தவரை அதிகம் எடுப்பது) வாங்குங்கள். ஐப்பசி மழையில் பற்றாது, அந்த நாட்களில் லைன் கரண்டில் சார்ஜ் ஏறட்டும்.

கூரையில் ஏற்கெனவே ஆன்கிரிட் சோலார் (பேட்டரி இல்லாமல் நேரே லைனோடு இணைத்தது) இருக்கிறதா? லைன் போனால் லைன்மேன் பாதுகாப்புக்காக அதுவும் தானே நின்றுவிடும். பேட்டரி சேர்க்க, பேனல், லைன், பேட்டரி மூன்றையும் கையாளும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும்.

இணைக்கும்போது கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல், கழற்றும்போது தலைகீழ். பாசிட்டிவ் முனை அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். லெட் ஆசிட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். ஸ்பேனரைத் தொடும் முன் கைமோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.