தோற்றுக்கொண்டே இருக்கும் கல்லூரிக் காற்பந்துக் குழு: பொறுப்பு யாருடையது என்று கண்டறியும் முறை

சனிக்கிழமை மாலை கல்லூரிக் குழு தோற்றால், ஞாயிற்றுக்கிழமை காலை சந்தைக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: பயிற்றுநர் சரியில்லை. மலேசியாவில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் வட பேரா சிற்றூரில், 11 ஆண்டுகள் அந்தக் குழுவின் துணை நிர்வாகியாக இருந்த நான், அந்தத் தீர்ப்பு இருமுறை நிறைவேறியதைப் பார்த்திருக்கிறேன். இருமுறையும் பயிற்றுநர் மாறினார்; தோல்விகள் மாறவில்லை. ஆகவே, குழுவைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும், முன்னாள் மாணவர்களுக்கும், பிள்ளைகளை ஆட அனுப்பும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று, பொறுப்பை முறையாகத் தேடும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூன்று ஆண்டுகளின் முடிவுகளைத் திரட்டுங்கள். ஒரே பருவத்தை வைத்துப் பேசக் கூடாது என்பதற்குக் கல்லூரிக் காற்பந்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. டிப்ளோமா படிப்பு பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். அதிலும் ஒரு தவணை முழுவதும் மாணவர்கள் தொழிற்பயிற்சிக்காக வெளியூர் போய்விடுகிறார்கள். நல்ல தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் குழுவோடு பழகி, பக்கத்தில் நிற்பவரின் அசைவைப் பார்க்காமலே உணரும் நிலைக்கு வரும்போது, அவர் பினாங்கிலோ ஜொகூரிலோ ஏதோ ஒரு தொழிற்சாலையில் இருப்பார். ஒரு பருவத்தின் தோல்வி ஒரு வகுப்பின் கதையாக மட்டும் இருக்கலாம். மூன்று பருவங்களிலும் ஒரே மாதிரியான தோல்வி வந்தால்தான் அது அமைப்பின் கதை.

அடுத்து ஒரு பேரேடு திறக்க வேண்டும். பள்ளி மாணவர் பயன்படுத்தும் சாதாரணக் கோடிட்ட புத்தகமே போதும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேதி, இடம், கோல் கணக்கு, வாங்கிய கோல் ஒவ்வொன்றும் எந்த நிமிடத்தில் எப்படி விழுந்தது, அன்று வராத ஆட்டக்காரர் யார், ஏன் வரவில்லை ஆகியவற்றை எழுதுங்கள். பழைய ஆட்டங்களுக்கு நடுவரின் அறிக்கையும், ஆட்டக்காரர்களின் நினைவும், யாராவது கைத்தொலைபேசியில் எடுத்து வைத்த காணொளியும் உதவும். இந்த வேலையைச் செய்யாமல் பொறுப்பைப் பற்றிப் பேசுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் ஒருவரின் பெயரும் பிழைப்பும் அந்தப் பேச்சில் அடங்கியிருக்கின்றன.

பேரேடு நிரம்பியதும் கோல் வித்தியாசத்தைப் பாருங்கள். இதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அங்கே கல்லூரிக் காற்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் வேறொரு விளையாட்டு. என் தங்கை மகன் அங்கே படித்த காலத்திலிருந்து அதைக் கவனித்து வருகிறேன். 2021ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் குழு 12 ஆட்டங்களில் 9 ஆட்டங்களைத் தோற்றது. ஆனால் அந்த ஒன்பது தோல்விகளில் ஒன்றுகூட 9 புள்ளிகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வந்ததன்று. மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி என்ற கணக்கை மட்டும் பார்ப்பவர் அதைத் திறமையற்ற குழு என்பார். வித்தியாசத்தைப் பார்ப்பவர், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்திலும் உதைக்கும் பந்துகளிலும் சிறு தவறுகளிலும் காரணத்தைத் தேடுவார். நம் காற்பந்திலும் 0-1, 1-2 என்று தொடர்ந்து தோற்கும் குழுவின் நோயும், 0-6 என்று தோற்கும் குழுவின் நோயும் வேறு வேறு. முன்னதில் பயிற்றுநரின் தயாரிப்பை முதலில் ஆராயலாம். பின்னதில் ஆட்டக்காரர் எப்படிச் சேர்க்கப்படுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கோல் விழுந்த நிமிடம் அதைவிடத் தெளிவாகப் பேசும். மூலை உதையில் மீண்டும் மீண்டும் கோல் வாங்கினால் அது பயிற்சித் திடலில் சரிசெய்திருக்க வேண்டிய குறை. கடைசி இருபது நிமிடங்களில் கோல்கள் குவிந்தால் உடல் வலிமையையும், அதற்கு அடியில் இருக்கும் உணவையும் உறக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் குழுவின் பேரேட்டை நான் மிகத் தாமதமாகத்தான் எழுதினேன். அதில் தெரிந்தது இரண்டும் அன்று. வெளியூர் ஆட்டங்களில் மட்டும், முதல் கால் மணி நேரத்திற்குள், திரும்பத் திரும்பக் கோல் வாங்கியிருந்தோம்; சொந்தத் திடலில் அப்படி இல்லை.

காரணம் கல்லூரி வேன். அலுவலக வேலைகள் முடிந்த பிறகே, அதாவது மாலை 3 மணிக்கு மேல்தான், அது குழுவுக்குக் கிடைக்கும். ஈப்போவிலோ தைப்பிங்கிலோ 4.30 மணிக்கு ஆட்டம் என்றால், பிள்ளைகள் வேனிலேயே காலுறை மாட்டிக்கொண்டு, உடலைச் சூடாக்க ஒரு சுற்றுகூட ஓடாமல் திடலில் இறங்குவார்கள். பயிற்றுநர் இதைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதிய மூன்று கடிதங்களும் அலுவலகக் கோப்பில் இருந்தன. அந்தக் கடிதங்கள் எவருக்கும் நினைவில்லாத ஒரு கூட்டத்தில் அவரை நீக்கத் தீர்மானம் வந்தது; அதற்கு ஆதரவாகக் கையுயர்த்தியவர்களில் நானும் ஒருவன். பால்மரம் வெட்டிய தாய்க்குப் பிறந்து, சொந்தப் பணத்தில் பயிற்றுநர் உரிமம் பெற்று, மாணவர்களுக்கு மைலோவும் ரொட்டியும் தன் கையிலிருந்து வாங்கிக்கொடுத்த மனிதர் அவர். அன்று நான் கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் அந்தக் கை மேலே போயிருக்காது.

எனவே அடுத்த வேலை கோப்புகளைப் படிப்பது. ஒவ்வொரு குறைக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதி விடை தேடுங்கள்: இதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அவருக்கு இது தெரியுமா, தெரிந்த பிறகு சரிசெய்ய அவருக்கு நேரம் இருந்ததா. மூன்றுக்கும் விடை ஒரே ஆளைச் சுட்டினால் பொறுப்பு அவருடையது. அதிகாரம் ஓரிடத்திலும் அறிவு வேறோரிடத்திலும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே செய்தி எங்கே நின்றுபோனது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான தோல்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

திடல் விளக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்புகள் 5 மணிக்கு முடிகின்றன, 7.30 மணி வாக்கில் இருட்டிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர், நவம்பரிலும், மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை கொட்டும். வடிகால் அடைத்துக்கொண்ட திடலில் தண்ணீர் வற்றும்போது பொழுது போய்விடும். நோன்பு மாதத்தில் மலாய் மாணவர்கள் நோன்பு திறந்து, தொழுகை முடித்து, இரவில்தான் பயிற்சிக்கு வர முடியும். விளக்கு எரியாவிட்டால் அந்த மாதம் முழுவதும் குழு இரண்டாகப் பிரிந்தே பயிற்சி செய்யும். இவ்வளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், வாரத்துக்கு நான்கு நாள் பயிற்சி என்று காகிதத்தில் இருப்பது, உண்மையில் இரண்டு நாளுக்கும் குறைவாகச் சுருங்கியிருப்பது தெரியும். விளக்கைப் பழுதுபார்க்கும் செலவுக்கு யார் கையெழுத்திட வேண்டுமோ, அந்தச் சுருக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு.

ஆட்டக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் கையில் இருக்கும் அதிகாரம் மிகக் குறைவு. பயிற்சிக்கு வராதது, இரவு வெகுநேரம் விழித்திருப்பது, நடுவரிடம் வாதாடிச் சிவப்பு அட்டை வாங்குவது ஆகியவற்றுக்கு அவர்கள் பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஆனால் வருகைப் பதிவைப் படிக்கும்போது காரணத்தையும் கேளுங்கள். நாற்பது நாள் வராத ஒரு மாணவன் பெட்ரோல் நிலையத்தில் மாலை நேர வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் கொடுப்பவனாக இருக்கலாம். அவனைச் சோம்பேறி என்று எழுதிவிட்டால் அந்தச் சொல் அவனோடு நெடுங்காலம் வரும். எட்டு மைல் தள்ளியிருக்கும் தோட்டத்திலிருந்து வருபவனுக்கு இரவு எட்டு மணிக்குமேல் பேருந்து உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

பயிற்றுநரை எடைபோடும்போது, அவர் கையில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் தனித்தனியாக வையுங்கள். யாரை எந்த இடத்தில் நிறுத்துகிறார், தோற்ற ஆட்டத்துக்குப் பின் எதை மாற்றுகிறார், மூலை உதை போன்ற நிலையான பந்துகளுக்கு எப்படித் தயார் செய்கிறார், பின்வரிசையில் இருக்கும் மாணவன் ஓராண்டில் முன்னேறியிருக்கிறானா என்பவை அவர் கையில் உள்ளவை. இவற்றில் அவர் தவறியிருந்தால் தயங்காமல் எழுதுங்கள். எங்கள் முதல் பயிற்றுநர் மூன்று பருவங்களாக ஒரே அமைப்பில் ஆடவைத்தார். எதிரணிகள் அதை மனப்பாடம் செய்துவிட்டன. அது அவருடைய குறைதான். ஆனால் அவரை நீக்கி அடுத்தவரைக் கொண்டுவந்தபோது வேனும் விளக்கும் வடிகாலும் அப்படியே இருந்தன.

புதிய பயிற்றுநருக்கு எவ்வளவு காலம் கொடுப்பது என்பதற்கு, அதே அமெரிக்க விளையாட்டில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதை தெளிவான அளவுகோல். 1987, 1988 ஆகிய இரு பருவங்களிலும் அக்குழு ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. 1989இல் பொறுப்பேற்ற பில் ஸ்னைடரின் முதல் பருவத்தில் ஒரே வெற்றியும் பத்துத் தோல்விகளும் வந்தன. அன்றைய கணக்கைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் அவரும் போயிருப்பார். அடுத்த பருவத்தில் 5 வெற்றி, அதற்கடுத்ததில் 7. 1998இல் வழக்கமான பருவத்தின் 11 ஆட்டங்களிலும் வென்றது அதே குழு. அவருக்கு முன்னே வந்த பயிற்றுநர்கள் பலர் தோற்றுப்போன அதே ஊரில் அது நடந்தது என்றால், அவருடைய திறமையோடு, பொறுமையாக அவர் பின்னால் நின்ற நிர்வாகத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இதற்கு நேர்மாறானது பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் நடந்தது. 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் தேசிய வாகை சூடிய குழு அது. ஆறு பருவங்களில் 58 வெற்றி, 19 தோல்வி என்ற கணக்கோடு இருந்த ஃபிராங்க் சோலிச்சை, 9 வெற்றி பெற்ற 2003ஆம் ஆண்டிலேயே நிர்வாகம் நீக்கியது. பின்னர் பயிற்றுநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2017 முதல் 2023 வரை தொடர்ந்து ஏழு பருவங்களில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். 2022 செப்டம்பரில் ஸ்காட் ஃபிராஸ்ட் நீக்கப்பட்டபோது ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியிருந்தது 1.5 கோடி டாலர். இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் அது பாதியாகக் குறைந்திருக்கும். பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பவரும், ஒப்பந்தம் எழுதுபவரும், நீக்கும் நாளைக் குறிப்பவரும் நிர்வாகத்தினரே. நம் கல்லூரியில் தொகை சில ஆயிரம் ரிங்கிட்டாக இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அதுவேதான்.

நம்மையும் விட்டுவைக்கக் கூடாது. ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகமும் சந்தோக் சிங்கும் மொக்தார் டஹாரியும் மலேசியத் தேசியக் குழுவில் ஆடிய எழுபதுகளை வைத்து இன்றைய பிள்ளைகளை அளப்பது ஒட்டுக்கடையில் நாம் நாள்தோறும் செய்யும் அநியாயம். அன்று தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்தது, லயத்துப் பிள்ளைகள் பால்வாளி கழுவி வைத்த கையோடு அதில் இறங்கினார்கள், தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. இன்று அவர்களின் பேரர்கள் தீபாவளிக் கிண்ணத்துக்கு நடக்கும் எழுவர் ஆட்டத்தில் பழகிவிட்டு, கல்லூரிக்கு வந்த பிறகுதான் முழுத் திடலில் 90 நிமிடம் ஆடக் கற்கிறார்கள். முன்னாள் மாணவர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை ஜெர்சி வாங்கிக்கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் பயிற்சி நடத்த எவரும் முன்வருவதில்லை. பேரேட்டில் ஊருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாகத் தவிருங்கள். பயிற்றுநர் மலாய்க்காரர் என்பதால் நம் பிள்ளைகளை ஒதுக்கினார் என்றோ, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு இல்லை என்றோ யாராவது தொடங்கினால், பேரேட்டைத் திறந்து யார் எத்தனை நிமிடம் ஆடினார், யார் எத்தனை நாள் பயிற்சிக்கு வந்தார் என்பதைக் காட்டச் சொல்லுங்கள். பாரபட்சம் உண்மையாக இருந்தால் அந்த நிமிடக் கணக்கில் தெரியும். அப்போது அதைச் சான்றோடு எழுத்தில் கொடுக்கலாம். கணக்கில் இல்லாததைப் பேச்சில் உலவவிட்டால், ஒரே வேனில் போகும் பிள்ளைகள் மறுநாள் தனித்தனியாக உட்காருவார்கள்.

கண்டறிந்ததை இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதுங்கள். ஒவ்வொரு குறை, அதற்கான சான்று, அதிகாரம் உள்ளவர், அவர் செய்ய வேண்டியது, முடிக்க வேண்டிய நாள் என்ற வரிசை போதும். ‘நிர்வாகம் கவனிக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் எவரும் கவனிக்க மாட்டார்கள். முதல் பிரதியைப் பயிற்றுநரிடம் நேரில் கொடுத்து, அவர் பதிலையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு குழுத் தலைவனாக இருக்கும் மாணவனிடம் காட்டுங்கள். வேன் எத்தனை மணிக்கு வந்தது என்பது அவனுக்குத்தான் சரியாகத் தெரியும். அதன் பின்னரே நிர்வாகத்துக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எதையும் பகிர வேண்டாம். புதிய தவணையின் முதல் வாரத்தில் அதே தாளை எடுத்துக்கொண்டு போய், வேன் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எத்தனை விளக்குகள் எரிகின்றன, வடிகால் தோண்டப்பட்டதா என்று நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.