நுண்துளைப் படல ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரிலுள்ள சாயத்தை ஒளியின் துணையோடு சிதைக்கும் நுண்துளைப் படலங்களை ஆராய, புதுச்சேரியில் நாங்கள் வேலை செய்யும் ஆய்வகத்துக்குத் திட்டப்பணிக்காக வரும் முதுகலை மாணவர்கள், நான் தொடக்கத்தில் செய்த பிழைகளை அதே வரிசையில் செய்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கண்ணாடியைக் கழுவுவது, கையுறை அணிவது போன்றவற்றைச் சொல்ல ஆள் இருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிறம் போனால் சாயம் சிதைந்துவிட்டது என்று எண்ணுவது

டைட்டானியம் டைஆக்சைடு (டைட்டானியா) படலத்தை மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசலில் இட்டு, புறஊதா விளக்கைப் போட்டு, 664 நானோமீட்டரில் கரைசலின் ஒளி உறிஞ்சல் அளவு இறங்கியதும் ஒளிவினையூக்கம், அதாவது ஒளியால் படலம் சாயத்தைச் சிதைத்துவிட்டது, என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் துளைகள் நிறைந்த படலம் விளக்கே இல்லாமலும் சாயத்தைத் தன் பரப்பில் கவர்ந்து வைத்துக்கொள்ளும். இந்தச் சாயம் நேர்மின்சுமை உடையது. டைட்டானியாவின் பரப்போ ஏறத்தாழ பிஎச் 6-க்கு மேல் எதிர்மின்சுமை பெறுவதால், கவர்ச்சி இன்னும் கூடும்.

ஒரு மழைக்காலம் முழுவதும் நானும் இப்படித்தான் அளந்தேன். ஒருநாள் மூடிய பெட்டிக்குள் விளக்கின் சோக் கருகியிருந்தது தெரியாமல் மாதிரிகளை எடுத்தேன். அன்றும் வளைவு அதே அழகோடு இறங்கியது. படலத்தை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்தபோதுதான் அது முழுக்க நீலமாக இருப்பதைக் கண்டேன். மூன்று மாத அளவீடுகளும் குப்பைக்குப் போயின.

எனவே முதலில் இருட்டில் கலக்கிக்கொண்டே வைத்து, அடுத்தடுத்த அளவீடுகள் மாறாமல் நின்ற பிறகே விளக்கைப் போட வேண்டும். அப்போதுள்ள செறிவே தொடக்கச் செறிவு. "அரை மணி நேரம் போதும் என்றுதானே எல்லோரும் எழுதுகிறார்கள், சார்" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனெனில் மெல்லிய துளைகளுக்குள் சாயம் ஊறிச் சமநிலை அடையும் நேரத்தைப் படலம்தான் முடிவுசெய்கிறது, பிறர் எழுதிய கட்டுரை அல்ல. படலம் இல்லாமல் வெளிச்சத்தில் மட்டும் வைத்த கரைசலையும் உடன் அளவிடுங்கள், சாயம் தானாகவும் வெளுக்கும். நிறமற்ற ஒடுக்க வடிவமாக மாறி, காற்றுப் பட்டதும் மீண்டும் நீலமாகும் குணமும் அதற்கு உண்டு.

சாதாரணக் கண்ணாடியில் சுடுவது

நுண்ணோக்கிச் சில்லு மலிவுதான். ஆனால் 450, 500 டிகிரியில் அதிலுள்ள சோடியம் படலத்துக்குள் ஏறி வினைத்திறனைக் குறைத்துவிடும். குவார்ட்ஸைப் பயன்படுத்துங்கள், அல்லது இடையில் ஒரு சிலிக்கா அடுக்கு பூசுங்கள்.

ஈரப்பதம்

ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதமானியைப் பார்க்காமல் கண்ணாடியைக் கரைசலில் தோய்த்து இழுத்துப் படலம் பூச வேண்டாம்.

காய்ச்சி வடித்த நீரோடு நின்றுவிடுவது

கடலூர் சிப்காட் பகுதிக் கழிவுநீரைத் தூய்மையாக்கப்போவதாக முன்னுரையில் எழுதிவிட்டு, சோதனையை வடிநீரில் மட்டும் செய்து முடிக்கிறார்கள். குளோரைடும் பைகார்பனேட்டும் சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளைப் பிடித்துக்கொள்வதால், உண்மையான நீரில் வேகம் குறையும். கடலோர ஆழ்துளைக் கிணற்று நீர் ஒரு குடம் கொண்டுவந்து, அதில் சாயத்தைக் கலந்து அதே படலத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அந்த எண்ணையும் அட்டவணையில் சேருங்கள்.